அசையாத இருக்கை

உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள முகாம் வேனில், ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள தன் இருக்கை ஆடுகிறது என்று கிளெனிஸ் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பழைய வண்டின்னா ஆடத்தான் செய்யும்" என்பதே கணவன் எம்ரிஸின் பதில். வருடாந்திரச் சோதனையில் அந்த இருக்கையைக் காட்டி வண்டியைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

சனிக்கிழமை முழுக்க வேனுக்கு அடியிலேயே கிடந்தான். துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தரைக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு கொடுத்துப் புதியவற்றை முடுக்கினான். இருக்கைக்குக் கீழிருந்த சுழல்தட்டும் லேசாக ஆடியது. விடுவானா? அதையும் துளைத்து நான்கு போல்ட் இறக்கினான்.

"இனி யானை உக்காந்தாலும் அசையாது, பாரு."

"உக்காரப் போறது நான்தான். ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் கிளெனிஸ்.

திங்கட்கிழமை வண்டி சோதனையில் தேறியது. மறுநாளே பார்மத் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். வழிநெடுக இருக்கை இம்மியும் ஆடவில்லை. போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எம்ரிஸ் பின்னால் போய் மேஜையை விரித்து, டீக்குத் தண்ணீர் வைத்தான். கிளெனிஸ் வழக்கம்போல இருக்கையை மேஜைப் பக்கம் திருப்பப் பார்த்தாள். அது திரும்பவில்லை.

எம்ரிஸ் கையில் கோப்பையோடு அப்படியே நின்றான். "அசையாதுன்னு சொன்னேன்ல" என்றான் மெல்ல.

கிளெனிஸ் முன்கண்ணாடி வழியே கடலைப் பார்த்தபடி கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"டீயைக் குடு. மூணு வருஷமா நான் சொன்னதை நீ காதுல வாங்கல. இனி நீ என் முதுகோட பேசு."