பழைய விலாசம்

கோயிலில் குறி கேட்கும் இரண்டு பிறைக் கட்டைகளில், முதல் தடவை போட்டபோதே ஒன்று குப்புறவும் மற்றது மல்லாந்தும் விழுந்தன. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை ஒரு கட்டை உருண்டு போய்த் தூணில் முட்டி, பீயுனின் உயிரைக் கொஞ்ச நேரம் வாங்கிவிட்டு, கடைசியில் மல்லாந்து படுத்தது. மற்றது குப்புறக் கிடந்தது. ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து என்றால் ஆமாம். மூன்று தடவையும் ஆமாம்! பீயுன், கடல் காக்கும் மாட்சு அம்மனின் கறுத்த முகத்தை அண்ணாந்து பார்த்து, "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அவள் கேட்டது இதுதான்: "அப்பாவுக்கு வந்த நோய் எனக்கு இல்லைதானே, தாயே?"

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. ஆனாலும் கீலுங் துறைமுகத்தில் அவருக்குக் குடிகாரன் என்றுதான் பெயர். நாற்பது வயசில் நடை தள்ளாடியது. பிறகு கை, அதற்கும் பிறகு நாக்கு. தாத்தாவுக்கும் அதே கதைதான். அது ரத்தத்தில் வருகிற நோய் என்றும், பெற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் டாக்டர்கள் சொன்னபோது அப்பா படுக்கையில் இருந்தார். ஊர் வாயை மூட அதற்குப் பிறகு யாருக்கு நேரம் இருந்தது?

பீயுனுக்கு இப்போது நாற்பத்தொன்று. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், வளைவில், பிரேக்கிலிருந்து அவள் கால் வழுக்கியது. கண் சிமிட்டும் நேரம்தான். உள்ளே இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஈரச் செருப்பா, இல்லை அதுவா? அன்றிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முதுகுவலி என்று பொய் சொல்லி டிப்போவில் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். தேநீர் சிந்தினால் பயம், சாப்பிடும் குச்சி நழுவினால் பயம், படியில் இறங்கினால் பயம். இந்தப் பயத்தோடு எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்துவது? ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்துவிட்டது, நேரில்தான் சொல்வோம் என்றார்கள். இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டாள். இன்று மூன்று மணிக்கு மூன்றாவது தேதி.

இனி எதற்கு ஆஸ்பத்திரி? அம்மனே சொல்லிவிட்டாள்! பீயுன் கட்டைகளைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பதில் வந்துடுச்சு போல?" என்றாள் பாவ்சூ. கோயிலில் ஊதுபத்தி விற்கிறவள். அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். "பேரு, பொறந்த நாளு, வீட்டு விலாசம் எல்லாம் சொல்லித்தானே கேட்ட?"

"இதெல்லாம் சொல்லித் தரணுமாக்கும்? கோயில் பின்பக்கம், படிச்சந்து, பதினேழாம் நம்பர்."

"படிச்சந்தா? நீ கட்டிக்கிட்டுப் போய்ப் பதினஞ்சு வருஷம் இருக்குமேடி! அங்க இப்ப யாரு இருக்கா?"

பீயுன் திரும்பி அம்மனைப் பார்த்தாள். நாலு வயசில் அம்மா இதே தரையில் மண்டி போட வைத்து மனப்பாடம் செய்வித்த விலாசம் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என் தம்பி" என்றாள்.

"போச்சு போ. அம்மன் நேரா அங்க போய் எட்டிப் பாத்திருப்பா. வந்த பதில் உன் தம்பிக்கு."

"அடையாள அட்டையில இன்னும் அந்த விலாசம்தான் இருக்கு, பாவ்சூ."

"சாமி என்ன முனிசிபாலிட்டியா, அட்டையைப் பாக்க? நீ எங்க படுத்துத் தூங்குறியோ, அங்கதான் வருவா."

பீயுன் மறுபடி மண்டியிட்டாள். மலைமேல் அடுக்கு வீடு, ஐந்தாம் மாடி என்று சரியான விலாசத்தைச் சொன்னாள். கட்டைகள் இரண்டும் மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம், பதில் கிடையாது. மறுபடி போட்டாள், அம்மன் மறுபடியும் சிரித்தாள். மூன்றாம் தடவையும் சிரித்தாள். அடிப்பாவி, என் உயிர் போகிறது, உனக்குச் சிரிப்பா! கோபத்தில் பீயுனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சிரிச்சா கேள்வியை மாத்திக் கேக்கணும்" என்றாள் பாவ்சூ.

"எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு கேள்விதான்."

வெளியே வாசற்படியில், குடைக்கடியில் உட்கார்ந்து தம்பி சீஹாவ் பொரித்த மீன்வடை தின்றுகொண்டிருந்தான். ஐந்து வயசு இளையவன். போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. ரத்தம் கொடுக்க மாட்டேன், அக்காவுக்குத் துணைக்கு மட்டும் வருவேன் என்று வந்திருக்கிறான்.

"என்னக்கா, அம்மன் என்ன சொன்னா? ஆஸ்பத்திரி காசு மிச்சமா?"

நடந்ததைச் சொன்னாள். விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்போ அந்த மூணு ஆமாமும்... எனக்காக்கா?"

அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பசித்த பிள்ளை அடுத்தவர் தட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"ஏன்டா? உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இந்த வாரம் ரெண்டு ஸ்க்ரூ கை தவறிடுச்சு. கடுகு சைஸ்தான் இருக்கும். எல்லாரும் தவற விடறதுதான்னு முதலாளி சொல்றாரு." வடையைக் காகிதத்தில் சுற்றினான். "ராத்திரி எழுந்து சட்டைப் பட்டனைப் போட்டுப் போட்டுக் கழட்டிப் பாக்குறேன்க்கா."

இத்தனை நாள் இவன் அடித்த கிண்டலெல்லாம் இதை மூடி வைக்கத்தானா! தனக்கு மட்டும்தான் தலையில் இடி என்று திரிந்தேனே என்று பீயுனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. பேர் என்னுடையது, பிறந்த நாள் என்னுடையது, விலாசம் மட்டும்தானே அவனுடையது? பதில் எனக்குத்தான் என்று அடித்துப் பேசிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"விலாசம் உன்னோடது. நீயே வச்சுக்க" என்றாள்.

"உனக்கு?"

"எனக்குச் சிரிப்புதான் வந்திருக்கு. கிளம்பு, மூணு மணிக்குள்ள போகணும்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அவள் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய வலது கால் தரையை மிதித்தது. மழை விடவில்லை. இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். நான்காவதிலும் நினைத்தாள். ஆறாவதில் எழுந்தே விட்டாள். இறங்க ஆள் இருக்கிறது என்று ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். சீஹாவ் குடையை மடித்து மடித்துப் பிரித்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பதினொரு படிகள். மூன்றாம் படியில் அவள் முழங்கால் தடதடவென்று ஆடத் தொடங்கியது. சீஹாவ் பார்த்துவிட்டான், அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, கால்..."

"தெரியுது."

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். இது பயமா, நோயா? இரண்டு மாதமாக இதே கேள்விதான். நின்றபடியே காலைக் கவனித்தாள், எஞ்சினில் வரும் சத்தத்தைக் கவனிப்பதுபோல.

"இல்லடா" என்றாள் கடைசியில். "இது என்னைத் திரும்பி ஓடச் சொல்லுது. அப்பாவுக்குக் கால் கேக்கலையே ஒழிய, கடைசி வரைக்கும் முன்னாடி போகத்தான் பாத்தாரு. நோய் ஓடச் சொல்லாது. இது பயம்."

"நிச்சயமாவா?"

"இது மட்டும் நிச்சயம். மத்தது உள்ள போனாத்தான் தெரியும்."

மீதி எட்டுப் படியையும் அந்தக் காலோடேயே ஏறினாள்.

கவுண்டரில் இருந்த பெண் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேரு?" சொன்னாள். "பொறந்த தேதி?" சொன்னாள். "விலாசம்?"

"கோயில் பின்பக்கம், படிச்சந்து, பதி..." பீயுன் நிறுத்தினாள். பக்கத்தில் சீஹாவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இல்லம்மா. அது என் தம்பி வீடு. நான் அங்க இல்ல." மலைமேல் அடுக்கு வீட்டையும், ஐந்தாம் மாடியையும், கதவு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு முறை திருப்பிப் படித்துக் காட்டி, "பழைய விலாசத்தை எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுத்துடுங்க."

உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். குடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, ஆடுகிற காலை எடுத்து முன்னால் வைத்து, பீயுன் கதவைத் தள்ளினாள்.