விடுப்பில் இருப்பவளின் மணிநேரங்கள்

ஆபீஸில் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதுக்குக் கிடைத்த மரியாதை இல்லை அது. அவருடைய சொந்தத் தங்கையும் அதே குழுவில் வேலை பார்த்தாள். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது.

கிடங்குகளில் சரக்கு வரவும் இருப்பும் பார்ப்பதற்கான மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பெனி. வெள்ளிக்கிழமை வந்தால் மேனேஜர் மேடம் மேசை மேசையாக வந்து, யார் எந்த வேலைக்கு எத்தனை மணிநேரம் செலவழித்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பாதி நாள் அதிலேயே போய்விடும். பார்க்கச் சகிக்காமல் அண்ணன் அதைத் தானாகச் செய்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். பொது ஃபோல்டரில் ஆளுக்கொரு ஃபைல். தேதி, வேலை, மணிநேரம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வெள்ளிக்கிழமை அவர் கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடிப்பார். ஸ்கிரிப்ட் எல்லா ஃபைலையும் படித்துக் கூட்டி, அட்டவணையாக மேடத்துக்கு அனுப்பிவிடும்.

மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்த பொருளுக்கு நகை மாட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னார். ஒருநாள், "வேலையே பாக்காதவங்க பேரெல்லாம் எதுக்கு? சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு. ஜீரோன்னா எடுத்துருங்க" என்றார். அண்ணன் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். அதோடு அதை மறந்தும் போனார்.

பிறகு தங்கைக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் நழுவி, ஆபரேஷன் ஆனது. டாக்டர் அவளை உட்காரவே கூடாது என்று சொல்லியிருந்தார். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தாள்.

அவள் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் கமாண்ட் அடித்து, வந்ததை ஒரு தடவை கண்ணால் ஓட்டிய அண்ணனுக்குத் திக்கென்றது. தங்கையின் பெயர் இருந்தது. பக்கத்தில் மணிநேரங்கள். ஃபைலைத் திறந்தார். 'இருப்புச் சரிபார்ப்பு' என்று பொதுவாக ஒரு வேலை. யாரும் கேள்வி கேட்க முடியாத வேலை.

இவளா எழுதுகிறாள்? உட்காரக் கூடாதவள் எப்படி? அல்லது வேலையே பார்க்காமல் எழுதுகிறாளா?

யார் அந்த வரியைச் சேர்த்தார்கள் என்று காட்டவும் ஒரு கமாண்ட் உண்டு. அதை முக்கால்வாசி அடித்துவிட்டு அழித்தார். தங்கை பெயரே வந்து நின்றால் என்ன செய்வது? அப்புறம் தெரியாதது மாதிரி இருக்கவும் முடியாது. அதைவிட நேரில் பார்த்துவிடலாம் என்று பட்டது.

சனிக்கிழமை பழங்கள் வாங்கிக்கொண்டு போனார். கதவைத் திறந்தது மாப்பிள்ளை.

"வாங்க மச்சான். போன் கூடப் பண்ணாம?"

"இந்தப் பக்கமா வந்தேன்."

தங்கை குப்புறப் படுத்திருந்தாள். வலி எப்படி, மாத்திரை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தாலும் அவர் கண் அறையையே சுற்றியது. கட்டில் ஓரத்தில் போர்வைக்கு அடியில் லேப்டாப்பின் விளிம்பு தெரிந்தது. தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளை எடுக்கப் போனார். தங்கை சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிய நேரம் பார்த்து, போர்வையை விலக்கி லேப்டாப் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

"என்னண்ணா பண்றே?"

திரும்பியிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. கீழ விழுந்துருமோன்னு..."

"பொய் சொல்லாதே. சூடா இருக்கான்னு பாக்குறே. பாப்பா இவ்வளவு நேரம் பொம்மைப்படம் பாத்துட்டு இப்பதான் விளையாடப் போனா. வேணும்னா கூப்பிட்டுக் கேளு."

வேறு வழியில்லாமல் சொன்னார். மென்று விழுங்கிச் சொன்னார். முழுதும் கேட்டுவிட்டு அவள் போர்வையை இழுத்து லேப்டாப்பை மூடினாள்.

"ஆக, என் உடம்பப் பாக்க வரல. வேவு பாக்க வந்திருக்கே."

"அப்படி இல்லம்மா..."

"ஆபரேஷன் அன்னிக்கு வாசல்லயே நின்ன ஆளு நீ. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? கெளம்புண்ணா. எனக்குக் கண்ண சொக்குது."

மாப்பிள்ளை கொண்டுவந்த தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு வெளியே வந்தார். அவமானமாக இருந்தது. ஆனால் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. இவ்வளவு கோபம் எதற்கு என்று படியிறங்கும்போதே மனசு கேட்டது. அதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் அந்தக் கமாண்டை முழுதாக அடித்தார். வந்து நின்ற பெயர் நொட்டையுடையது.

நொட்டை அந்தக் குழுவின் டெஸ்டர், மற்றவர்கள் எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவன். யார் எதைச் செய்து கொடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லாமல் விடமாட்டான். அதனால் வந்த பட்டப்பெயர். தங்கைக்கும் அவனுக்கும் ஆகாது. அவள் பார்த்துப் பார்த்துச் செய்த ஒரு மென்பொருள் திரையை, வாடிக்கையாளர் முன்னாலேயே தப்பு என்று அவன் சொல்லிவிட, அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அவளை மாட்டிவிடத்தான் கள்ளக்கணக்கு எழுதுகிறான் என்று அண்ணன் முடிவு கட்டினார். அவனுடைய வரிசையைப் பார்த்தார். அவன் மணிநேரம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது. வேலையிலும் ஏய்க்கிறான்.

மாடிப்படியில் அவனை மடக்கினார்.

"என் தங்கச்சி ஃபைல்ல உனக்கென்ன வேலை?"

நொட்டை திடுக்கிடவில்லை. "கண்டுபிடிக்க திங்கட்கிழமை ஆயிடுச்சா?" என்றான்.

"விளையாடாதே. அவ வேலைக்கு உலை வைக்கப் பாக்குறியா?"

"உலை வெச்சது நீங்கண்ணா. ஜீரோன்னா பேரைத் தூக்குன்னு ஒரு வரி எழுதினது யாரு? உங்க ஸ்கிரிப்ட நான் படிச்சுத்தான் பாத்தேன்."

அண்ணனுக்கு அப்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது.

"மேடம் அந்த ரிப்போர்ட்ட வெச்சுத்தான் புது ஆர்டருக்கு ஆள் பிரிக்கிறாங்க. லீவுல இருக்கறவங்களையும் காட்டணும்னு போய்ச் சொன்னேன். ரிப்போர்ட்ல இல்லாதவங்களப் பத்தி நான் ஏன் யோசிக்கணும்னு கேட்டாங்க. அதான் என்னோட மணிநேரத்துல கொஞ்சம் எடுத்து அவ பேர்ல போட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? இப்பவே நான் ஏதோ குழி தோண்டுறேன்னுதானே வந்தீங்க."

"அவதான் உன்கூடப் பேசறதே இல்லையே. அப்புறம் எதுக்கு?"

"பேசலன்னா என்ன? நான் ஒரு தப்பு சொன்னா மத்தவன்லாம் பூசி மெழுகிக் குடுப்பான். அவ மட்டும்தான் கோவிச்சுக்கிட்டாவது ஒழுங்கா மாத்துவா. அவளும் போயிட்டா நான் எதை டெஸ்ட் பண்றது?"

பொய்க் கணக்கு பொய்க் கணக்குதான், எப்படியும் ஒருநாள் வெடிக்கும் என்றார் அண்ணன். நொட்டை தலையாட்டினான். இரண்டு பேரும் மேடம் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

மேடம் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் தங்கச்சிக்காகப் பண்ணினதுக்கு, பழிய இவர் தன் தலையில போட்டுக்கறாரோ?" என்றார். அண்ணன் மேடத்தின் கம்ப்யூட்டரிலேயே கமாண்டை அடித்துக் காட்டினார். அப்போதும் மேடம் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

"வீட்லேருந்தே வேலை பாக்குறாள்னு நெனச்சு புது ஆர்டர்ல அவ பேரைப் போட்டுட்டேன். இப்ப எடுக்கவா?"

"வேண்டாம் மேடம். எந்திரிச்சு வர்ற வரைக்கும் அவ பங்கை நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்" என்றார் அண்ணன்.

"பாத்துக்கங்க. ஆனா இனிமே ரிப்போர்ட்ட நானே ஓட்டறேன். அந்தக் கமாண்ட எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அண்ணன் அந்த ஒரு வரியை நீக்கினார். விடுப்பில் இருப்பவர்கள் பெயருக்கு நேரே 'விடுப்பு' என்று வருகிற மாதிரி மாற்றினார். நொட்டை அதைச் சோதித்துவிட்டு, எழுத்து கோணலாக வருகிறது என்றான். பொய் மணிநேரங்கள் அவன் கணக்குக்கே திரும்பின. மேடம் வெள்ளிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு ரிப்போர்ட்டை ஓட்டி, வந்த கூட்டல் சரிதானா என்று கால்குலேட்டரில் மறுபடி கூட்டிப் பார்க்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

தங்கைக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னார். "நொட்டையா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, மாத்திரை நேரம் என்று வைத்துவிட்டாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், தானே கூட்டிப் போகலாம் என்று அண்ணன் காரோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். "அவ டாக்ஸில கெளம்பிட்டாளே மச்சான். உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் மாப்பிள்ளை.

ஆபீஸுக்குள் நுழையும்போதே அவள் குரல் கேட்டது. நொட்டையின் மேசையருகில் நின்றபடி, ஏதோ ஒரு திரையைக் காட்டி, அது தப்பே இல்லை என்று அவனோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அவன் விடாமல் மறுத்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவளாக வந்து பேசட்டும் என்று காத்திருந்தார்.