இரண்டு கைக்கு ஒரு நட்சத்திரம்

மணப்பெண்ணின் அம்மா மரியம் பீவி அஸர் தொழுகையை முடித்து, பாயில் உட்கார்ந்தபடியே துஆவுக்குக் கையேந்தினாள். மருதாணி போட வந்த வைஜெயந்தி கதவிடுக்கில் அதைப் பார்த்துவிட்டாள். அடுத்தவர் தொழுவதை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லைதான். ஆனால் மரக்காணத்திலிருந்து கூனிமேடு வரை எந்த வீட்டை அவள் விட்டுவைத்திருக்கிறாள்? ஏந்திய கைகளில் ஒட்டி நின்றவை சுண்டுவிரல்கள். கட்டைவிரல்கள் ஆளுக்கொரு திசையில் வெளியே நின்றன.

அவள் திரும்பி, ஃபேனுக்கு அடியில் மருதாணி காயவைத்துக்கொண்டிருந்த மணப்பெண் நிஷாத்தைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் எட்டு முனை நட்சத்திரம், பாதிப் பாதியாக. சுற்றிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும் கோடுகள். பூ இல்லை, மயில் இல்லை. கோட்டக்குப்பத்து மாமியார் துபாயில் எங்கோ ஒரு பள்ளிவாசல் சுவரில் பார்த்ததாம். போனில் படம் அனுப்பி, இரண்டு கையையும் சேர்த்தால் நட்சத்திரம் முழுதாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆசைப்பட்டதோடு விட்டாரா? அதைப் பார்க்க இன்று சாயங்காலமே ஒரு வேன் நிறையப் பெண்களோடு வருகிறார்.

வைஜெயந்தி ஒன்றும் பழகாமல் வரவில்லை. முதலில் புருஷன் பச்சமுத்துவின் கையில்தான் ஆரம்பித்தாள். உப்பு வாரி வாரி வெடித்துப்போன அந்த உள்ளங்கையில் ஒரு நேர்கோடு நிற்கவில்லை. அவனும் எரிகிறதென்று கையைப் பிடுங்கிக்கொண்டான். அதனால் காலண்டர் தாளில் தன் கைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துச் சுற்றி வரைந்துகொண்டாள். கவிழ்த்த கையில் கட்டைவிரல்கள்தானே நடுவில் சந்திக்கும்? நட்சத்திரத்தை அங்கேயே பிளந்தாள். அதைத் தெருவெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டது வேறு. இன்று அந்தத் தாளைப் பார்த்தே, ஒவ்வொரு கையாகத் தலையணையில் வைத்துப் போட்டு முடித்துவிட்டாள்.

இந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக அமைந்தால் கூனிமேட்டில் வீடு வீடாகக் கூப்பிடுவார்கள், உப்பளத்துப் பக்கமே தலைவைக்க வேண்டாம் என்று இருந்தாள். செருப்பை எங்கே விட்டோம் என்று இப்போது யோசித்தாள்.

கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, குசுகுசுவென்று உண்மையைச் சொல்லிவிட்டாள். நிஷாத் மெல்லக் கைகளைச் சேர்த்தாள். இரண்டு பாதிகளும் பேச்சை நிறுத்திய ஓரகத்திகளைப் போல ஆளுக்கொரு ஓரத்தில் நின்றன.

"மாமி துஆ கேக்கச் சொல்லித்தான் பாப்பாங்கக்கா."

அந்தக் குரலில் கோபமில்லை. அதுதான் வைஜெயந்தியை இன்னும் கலக்கியது.

"தொடச்சிட்டு பூவா மாத்திடட்டா?"

"செவந்திருக்கும்க்கா. இனிமே எங்க தொடைக்கிறது?"

வெளியே வேன் வந்து நின்றது. மரியம் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள். நிஷாத் ஏதோ யோசித்தவளாய், உள்ளங்கைகள் மேலே பார்க்க, வலது மணிக்கட்டை இடதின்மேல் குறுக்கே போட்டாள். வெளியே நின்ற கட்டைவிரல்கள் நடுவுக்கு வந்தன. நட்சத்திரம் எட்டு முனையோடும் கூடியது.

"இப்டி யாருக்கா துஆ கேப்பாங்க?"

வைஜெயந்தி காலண்டர் தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் செருப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கைவிலங்குக்கு நீட்டியதுபோல் குறுக்கே கிடந்த கைகளை நிஷாத் பிரிக்கவில்லை. இன்னும் காயாத ஒரு முனையிலிருந்து பசை மெல்ல மணிக்கட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.