ஓட்டையில்லாத கிற்றார்

தோணி கட்டுகிற மரியநேசனுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. தான் கட்டிய தோணிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை என்று முள்ளிவாய்க்கால் முழுக்கச் சொல்லித் திரிவான். அந்த வீறாப்புத்தான் அவனைக் கெடுத்தது.

மனைவி யூலிற்றா சயரோகத்தில் படுத்து எட்டு மாதம். டாக்குத்தரும் கையை விரித்துவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இஞ்சேருங்கோ, கலியாணத்தண்டு வாசிச்ச மெட்டை இன்னொருக்கா வாசியுங்கோ. கேட்டிட்டுப் போறன்."

அன்று அவன் வாசித்த கிற்றாரின் வயிற்றுப் பலகை உப்புக்காற்றில் வெடித்திருந்தது. ஒட்டியிருந்தால் போதும். ஆனால் கொழும்புப் பத்திரிகையொன்றில் புதுவகைக் கிற்றாரின் படத்தை அவன் பார்த்திருந்தான். நடுவில் ஓட்டையில்லை, உள்ளே வெறுமையில்லை, ஒரே முழுப் பலகை. அதிலிருந்து தொங்கிய வயரைத் தோளில் மாட்டுகிற கயிறென்று நினைத்துவிட்டான், பாவி. இதுவல்லவோ வெடிக்காத சாமான் என்று, தோணிக்கு வைத்திருந்த வேப்பம்பலகையை வெட்டி, பழையதன் கழுத்தையும் கம்பிகளையும் அதில் பூட்டினான். மிஞ்சிய பழைய பெட்டியைக் தோணி இடுக்குகளில் பூசக் குங்கிலியம் காய்ச்சுகிற அடுப்பில் போட்டான். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

கட்டிலருகே இருந்து பாதி மெட்டு வாசித்தான். காதோரம் நுளம்பு இரைவதுபோல ஏதோ கேட்டது.

"எப்பயப்பா தொடங்கப்போறீங்கள்?" என்றாள் யூலிற்றா.

கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற அவள் தமையன் யோசெப், தங்கச்சியைப் பார்க்க வந்த இடத்தில் அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இது கரண்டிலை வேலை செய்யிற சாமான். வயர் போற பெட்டிதான் கத்தும். கரண்ட் இல்லாட்டிக் கம்பிக்குக் கீழை வெறும் பெட்டி வேணும். அதுதானே சத்தத்தைப் பெருப்பிக்கிறது."

ஊரில் இருந்ததோ மண்ணெண்ணெய் விளக்கு. மரியநேசன் புதுப் பெட்டிக்கு மெல்லிய பலகை சீவ உட்கார்ந்தான். மூன்றாம் நாள் காலை, பலகை பெட்டியாக வளைய முன்னமே யூலிற்றா போய்விட்டாள்.

ஊரில் எவருக்கும் சவப்பெட்டி செய்கிறவன் அவன்தான். இதையும் அவனே செய்தான், சீவி வைத்த அதே பலகைகளையும் சேர்த்து. மத்தியானம் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, மூடி பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தான். காலில் இடறிய கிற்றாரைத் தூக்கி அதன்மேல் போட்டான்.

கம்பிகள் அதிர்ந்தன. வெறும் பெட்டி முழங்கியது. செபம் சொன்ன பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

மரியநேசன் முழங்காலில் நின்று, கிற்றாரைச் சவப்பெட்டியோடு அழுத்திப் பிடித்து, கலியாண மெட்டை முதலிலிருந்து வாசித்தான். வாசலில் நின்ற சனத்துக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது. அவன் முடிக்குமட்டும், பாயில் கிடத்தியிருந்தவளைத் தூக்கிப் பெட்டியில் வைக்க ஒருவரும் துணியவில்லை.