ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு

தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, எல்லாரும் 'மைக் அக்கா' என்றழைக்கும் அறிவிப்பாளர் ரயில் நிலையத்தின் அறிவிப்பு அறைக்குத் திரும்பிய காலையில், அவருக்கு முன்பாகவே அவருடைய குரல் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் விடுப்பில் இருந்த மாதங்களில், முன்பு பதிவு செய்திருந்த அவருடைய அறிவிப்புகளை வெட்டி ஒட்டிப் பொத்தான்களில் ஏற்றியிருந்தார்கள். ஒரு மனிதனின் நிழல், அவனைப் படுக்கையில் விட்டுவிட்டுத் தானே கடைத்தெருவுக்குப் போய் எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டது என்று ஒரு கதை கட்டினால், அது அக்காவின் கதையாகத்தான் இருக்கும்.

நிலைய அதிகாரி அக்காவைவிட இளையவர், இரக்கமுள்ளவர். நாற்காலியைத் தாமே துடைத்துப் போட்டார்.

"நீங்க பேசவே வேண்டாம்க்கா. பட்டனை அமுக்கினா போதும். அதுவும் உங்க குரல்தானே."

"அப்ப நான் எதுக்கு சார்? விரலை மட்டும் அனுப்பியிருப்பேனே."

மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் வந்தது குரல். அதிகாரியின் முகம் சுருங்கி, உடனே மலர்ந்தது. சுருங்கியதை அக்கா பார்த்துவிட்டார்.

"சிரமமா இருந்தா பார்சல் பிரிவுல இடம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

குழாய் வழியே உணவு இறங்கிய நாட்களிலும், ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கப் பழகிய நாட்களிலும், பயிற்சியாளர் முன் அமர்ந்து 'ஆ' என்னும் ஓரெழுத்துக்காக வியர்த்த நாட்களிலும் அக்கா மனத்தில் வைத்திருந்தது இந்த நாற்காலியைத்தான். பார்சல் பிரிவை அல்ல. நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தகம் வைத்திருக்கும் அவருடைய கணவர், கேலி செய்தே அவரைப் பேசவைத்தார். "முன்னாடி நீ திட்டினா பாட்டு மாதிரி இருக்கும், காதுலயே வாங்க மாட்டேன். இப்பத்தாம்மா பயமா இருக்கு" என்பார்.

அக்கா பொத்தான்களை அமுக்கினார். வறண்ட வாயைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டு, தம் பழைய குரல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நண்பகல் நெருங்கும்போது தொலைபேசி ஒலித்தது. முதல் நடைமேடைக்கு வரவேண்டிய பயணிகள் வண்டி மூன்றாவதற்கு மாற்றப்பட்டது. முதல் தடத்தில், நிற்காமல் கடந்துபோகும் சரக்கு வண்டி ஒன்று வருகிறது. அக்கா உரிய பொத்தானை அமுக்கினார். பழைய குரல் இனிமையாக அறிவித்தது. முதல் நடைமேடையில் நெருக்கியடித்து நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை. மாதக்கணக்கில் மாறாமல் ஒலித்த அந்தக் குரல் அவர்களுக்கு மின்விசிறிச் சத்தமாகிவிட்டிருந்தது.

பயணிகள் வண்டி மூன்றாவது தடத்தில் வந்து நின்றபிறகே கூட்டத்துக்கு விளங்கியது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டியைத் தண்டவாளத்தில் எறிந்து, தாமும் குதித்தார். வேறு சிலர் விளிம்பில் குந்தினார்கள்.

அதற்குப் பொத்தான் இல்லை.

சன்னல் வழியே இதைப் பார்த்த அக்கா ஒலிவாங்கியைத் திறந்தார். முதல் சொல் உடைந்து காற்றாகப் போயிற்று. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

"கீழ இறங்காதீங்க. சரக்கு வண்டி வருது. நீலச் சட்டைக்காரரே, பெட்டி கிடக்கட்டும், மேல ஏறுங்க. எல்லாரும் பாலத்து வழியா மூணுக்குப் போங்க. நீங்க ஏறுற வரைக்கும் அந்த வண்டி கிளம்பாது. நான் சொல்றேன்."

வண்டியை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அறைக்குள் ஓடிவந்த அதிகாரி தொலைபேசியை எடுத்து, நிறுத்திவைக்கச் சொன்னார்.

கூட்டம் முழுவதும் தலை நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. விளிம்பில் இருந்தவர்கள் நீலச் சட்டைக்காரரைக் கைகொடுத்துத் தூக்கினார்கள். சரக்கு வண்டி கடந்து சென்றது. பெட்டிதான் பிழைக்கவில்லை.

"பார்சல் பிரிவுன்னு சொன்னீங்களே சார்" என்றார் அக்கா.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அங்க ஆள் இருக்காங்கக்கா. இங்கதான் இல்ல."

கையில் சீப்போடு கணவர் வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"கடையை யாருங்க பாத்துக்கறா?"

"பாதி மீசையோட ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். 'யாருங்க இது, புது ஆளா, இந்த அதட்டு அதட்டுறாங்க'ன்னு கேட்டார். பழைய ஆள்தான், என் வீட்டுக்காரின்னேன்."

அக்கா சிரித்தார், சிரிப்பும் கரகரத்தது. அடுத்த வண்டிக்கான மணி அடித்தது. பொத்தானை நோக்கிப் போன விரலை மடக்கிக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார்.

கணவர் மீதி மீசையைக் கவனிக்கத் திரும்பிப் போனார். வீதியைக் கடக்கும்போது அந்த அறிவிப்பு அவருக்குத் தெளிவாகக் கேட்டது.