கோமீ என்றால் சாப்பிட்டேன்

நடக்காததை நடந்ததாகச் சொல்ல எடைமேடைக்காரருக்கு வாயே வராது. லாரியின் எடை திரையில் அசையாமல் நிற்கும்வரை சீட்டில் பேனா வைக்கமாட்டார். அந்த மனிதர்தான் ஸ்பானிஷ் படிக்கிறார். நாளை டீச்சர் வைக்கும் தேர்வில் தேறினால் ஸ்பெயின் கப்பல் அலுவலகத்தில் ஏசி அறை. தவறினால் பழையபடி லாரிப் புகை.

பாடம், 'கோமெர்'. சாப்பிடுவது என்று அர்த்தம். 'கோமீ' என்றால் சாப்பிட்டேன். "சாப்பிட்டு முடிச்சாச்சு, அப்பதான் சொல்லணும்" என்று டீச்சர் அழுத்திச் சொல்லியிருந்தார். வகுப்பில் மற்றவர்கள் தலையாட்டினார்கள். இவர் அதை அப்படியே மனதில் போட்டுக்கொண்டார்.

மனைவி ஒரு பிறந்தநாள் ஆர்டருக்காகச் செய்த சாக்லேட் கேக்கை மேசையில் வைத்துவிட்டு மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தாள். இவர் ஓரமாக ஒரு துண்டு வெட்டினார். விழுங்கினார். பிறகுதான், "கோமீ."

அடுத்த துண்டு மச்சினனுக்கு. "கோமிஸ்தே. நீ சாப்பிட்டே."

'அவர் சாப்பிட்டார்' என்று சொல்லப் பக்கத்துவீட்டு டெய்லர் வந்தார். 'அவர்கள் சாப்பிட்டார்கள்' என்று சொல்ல டெய்லரின் மனைவியும் வந்தாள். நடுவில் நாக்கு தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து.

"நல்லாத் தடுமாறுங்க மாமா, அவசரமே இல்ல" என்றான் மச்சினன்.

தட்டில் தூள் மட்டும் மிஞ்சியபோது கதவு திறந்தது. மனைவி. பின்னால், மகளின் பிறந்தநாள் கேக்கை வாங்கிப்போக வந்த ஸ்பானிஷ் டீச்சர்! இவருக்கு ஏசி அறை கண்ணெதிரே கரைந்தது.

டீச்சர் தட்டைப் பார்த்து ஸ்பானிஷில் கேட்டார்: "யார் சாப்பிட்டது?"

இவருக்குப் பொய் வராதே. தன் நெஞ்சைத் தொட்டு "கோமீ" என்றார். டெய்லரைக் காட்டி "கோமியோ". டெய்லர் தம்பதியைச் சேர்த்துக் காட்டி "கோமியெரோன்". கடைசியில் எல்லாரையும் வளைத்துக் காட்டி, அழமாட்டாத குறையாக, "கோமிமோஸ்."

ஒரு பிழை இல்லை. டீச்சர் முறைக்கத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. "பாஸ். நாளைக்கு வர வேண்டாம். ஆனா சாயங்காலத்துக்குள்ள எனக்குக் கேக் வேணும்."

மனைவி ஆணியில் தொங்கிய தன் ஏப்ரனை எடுத்தாள். "டீச்சர், 'சமைச்சேன்'னு எப்படிச் சொல்றது?"

"கோசினே."

"கேட்டீங்களா? முடிச்சாச்சுன்னாதான் சொல்லணும்" என்று ஏப்ரனை அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

முட்டைகூட உடைத்தறியாத மனிதர் பரிதாபமாகக் கேட்டார்: "இதை எதிர்காலத்துல சொன்னா போதாதா?"