எந்தக் காலுக்கு லீவு?

கம்பெனியில் கொடுத்த கறுப்பு ஷூவுக்குள் ஏஞ்சலின் வலது கால் நுழைய மறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். குனிந்து விரலைக் கொடுத்து நெம்பலாம் என்றால் எட்டாம் மாத வயிறு குறுக்கே நின்றது. கடைசியில் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டாள். அதற்கே மூச்சு வாங்கியது. ராத்திரி சாப்பிட்டது நெஞ்சில் எரிச்சலாக ஏறி வந்தது.

“ஏய், மெதுவாடி! அவன் இப்பத்தான் கண்ணசந்துக்கினு கீறான்” என்று அடுப்படியிலிருந்து மாமியார் கிரேஸ் சீறினாள்.

கட்டிலில் பென்னி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கால் இரண்டு தலையணைகளின் மேல் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவன் வேலை செய்யும் உருக்காலையில், போன வாரக் கடைசியில் லாரியிலிருந்து குதித்தபோது கணுக்கால் பிசகிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஒரு வாரம் ஓய்வெடு, காலை உயர்த்தி வை என்றார் டாக்டர். அன்றிலிருந்து புதுவாயலில் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் அந்தக் கால் தனி ஆளாகிவிட்டது. அதற்கு ஒத்தடம் உண்டு, தைலம் உண்டு, ஃபேன் காற்று உண்டு. விசாரிக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். வீட்டிலிருந்த தலையணைகள் மொத்தமே இரண்டு. ஏஞ்சல் நான்கு ராத்திரிகளாகப் புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

லீவு விஷயத்தை அவள் போன மாதமே பேசிப் பார்த்தாள். சட்டப்படி இருபத்தாறு வாரம் பிரசவ விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் முன்னால் எத்தனை வாரம் எடுக்கிறோமோ, பின்னால் அத்தனை குறையும்.

“இப்பவே எடுத்துக்கினு ஊட்ல குந்திக்கினா, புள்ள பொறந்தப்புறம் சீக்கிரமா வேலைக்குப் போவணும்” என்றான் பென்னி. “கைக்குழந்தைய யாரு பாத்துக்கறது? அம்மாவால முடியுமா? வலி வர்ற வரைக்கும் போ. நான் இன்னா எனுக்காகவா சொல்றேன்?”

“இவன வயித்துல வச்சிக்கினு நான் களை எடுத்தேன். வலி வந்தப்புறம்தான் வரப்பு ஏறினேன்” என்று கிரேஸ் சேர்ந்துகொண்டாள். “நீ ஃபேனுக்குக் கீழ நின்னுக்கினு ஒயரு பாக்கற. உனுக்கு இன்னா நோவு?”

குழந்தையோடு கூட ஒரு மாதம் இருக்கலாம் என்ற ஆசை ஏஞ்சலுக்கும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டால் கடந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் உடம்பு வேறு கணக்குப் போட்டது. இடுப்புக்குக் கீழே எலும்பெல்லாம் விட்டுப்போன மாதிரி வலித்தது. படுத்தால் மூச்சு முட்டியது. கால்கள் காலையிலேயே வீங்கி நின்றன.

அவள் வேலை பார்த்தது கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில். நீளமான பலகையில் பொருத்தி வரும் ஒயர்களை நின்றபடியே சரிபார்த்து அனுப்ப வேண்டும். அன்று காலை அவள் உள்ளே நுழைந்ததும் லைன் லீடர் ஹெலனின் கண் நேராக ஷூவில் விழுந்தது.

“இன்னாது இது? ஷூவா, ஹவாய் செருப்பா?”

“காலு நுழையலக்கா.”

“நுழையலன்னா ஊட்ல இருக்கறது.”

“லீவு போடலாமான்னுதான் பாக்கறேன்…”

“போடுவ, போடுவ! மாசக் கடைசியில ஆளில்லாம நான் இன்னா பண்றது? டார்கெட்டு உங்க அப்பனா வந்து முடிப்பாரு?”

ஏஞ்சல் தன் இடத்துக்குப் போனாள். பத்து மணிக்குள் இரண்டு முறை கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாவது முறை நகர்ந்தபோது பக்கத்துப் பலகையில் நின்ற சோனியா கையிலிருந்த ஒயரைத் தூக்கிப் போட்டாள்.

“மறுபடியுமா? உன் போர்டையும் நான்தான் பாக்கணுமா? எனுக்கு இன்னா நாலு கையா கீது?”

ஏஞ்சல் திரும்பி வந்து, உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்குமா என்று ஹெலனிடம் கேட்டாள். ஹெலன் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “நானும் ரெண்டு பெத்தவதான். ஒம்பதாம் மாசம் வரைக்கும் இதே லைன்ல நின்னேன். எனுக்கு யாரு ஸ்டூல் போட்டா? உனுக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாளுங்க.”

தனக்குக் கிடைக்காதது இன்னொருத்திக்கும் கிடைக்கக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படியொரு பிடிவாதம். லைனில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை இடிக்க ஆரம்பித்தது. பின்கழுத்திலிருந்து நெற்றி வரை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வலி. பச்சை ஒயர் போக வேண்டிய இடத்தில் நீலம் இருந்த ஒரு ஒயர்க் கட்டை அப்படியே அனுப்பிவிட்டாள். ஹெலன் அதைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி வந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. வார்த்தை எதுவும் காதில் ஏறவில்லை. ஏஞ்சல் பலகையைப் பிடித்தாள். பிடி நழுவி, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் சாயிரா பானு பழவேற்காட்டுக்காரி. இரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்தாள். நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தாள். முகம் கடுத்துவிட்டது.

“எத்தினி நாளா இப்பிடி காலு வீங்கிக்கினு கீது?”

“பத்து நாளா இருக்கும்க்கா.”

“பத்து நாளா! லீவு போட்டுட்டுப் படுக்காம இன்னாத்துக்கு வந்து நிக்கற?”

“ஊட்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா.”

“பிரஷர் ஏறிக்கினு கீறது உனுக்கா, உங்க ஊட்டுக்கா?” சாயிரா பானு கருவியை மூடினாள். “கெளம்பு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கினு போறேன்.”

ஆட்டோவில் போகும்போது ஏஞ்சல் பென்னிக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டு அவன் அலுத்துக்கொண்டான். “பேஜாருமா உன்னோட. எனுக்குத்தான் காலு இப்பிடி கீதே, எப்பிடி வர்றது? அம்மாவும் இங்க இல்லன்னா எனுக்கு யாரு செய்யறது? நீயே பாத்துக்கினு வா.”

சாயிரா பானுவுக்கு அது கேட்டது. அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் ஆந்திரா லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டரும் கடுகடுவென்றுதான் பேசினார். மாத்திரை கொடுத்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார். சிறுநீரைப் பரிசோதித்தார். அழுத்தம் இறங்குகிறதா என்று சாயங்காலம் வரை திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“இது சாதாரண வீக்கம்னு நினைச்சிக்கிட்டு இருந்தியா? இப்படியே விட்டா வலிப்பு வரும். உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. நல்லவேளை, இன்னைக்கு வந்தே. யூரின்ல கெடுதலா இன்னும் ஒண்ணும் தெரியல. ஆனா நாளையிலேருந்து வேலை கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து பிரஷர் பார்த்துக்கணும். மறுபடி தலைவலியோ, கண்ணு மங்கறதோ, மேல்வயித்து வலியோ வந்துச்சுன்னா எந்த நேரமா இருந்தாலும் உடனே ஓடி வரணும். புரியுதா?”

ஏஞ்சல் தலையாட்டினாள். “லீவு இப்பவே எடுத்தா பின்னாடி கொறைஞ்சிடும் டாக்டர்” என்றாள், பழக்கத்தில்.

“பின்னாடின்னு ஒண்ணு இருக்கணும்ல?” என்றார் டாக்டர். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கேள்வி வீடு வரைக்கும் அவளோடு வந்தது.

வீட்டில் பென்னியின் கூட்டாளி தணிகைவேல், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“ஒரு வாரம் பத்தாது மச்சான். இன்னொரு வாரம் எழுதி வாங்கிக்கோ. காலு விஷயம், வெளயாடாத” என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பென்னி முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையாட்டினான்.

ஏஞ்சலைப் பார்த்ததும் கிரேஸ், “வந்துட்டியா? தம்பி எவ்ளோ நேரமா குந்திக்கினு கீது. டீ போடு” என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏஞ்சல் டீ போடப் போகவில்லை. கட்டிலின் ஓரத்தில், பென்னியின் இடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷூக்களை உதறினாள். தன் வலது காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கித் தலையணை மேல் வைத்தாள். பிறகு இடது காலையும் தூக்கி வைத்தாள். தலையணைகளின் மேல் இப்போது மூன்று கால்கள் இருந்தன.

“இன்னாடி இது, ஆளு கீறப்போ?” கிரேஸ் பதறினாள்.

“பென்னி, பாரு” என்றாள் ஏஞ்சல். கல்யாணமான நாளிலிருந்து, மாமியார் எதிரில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நீங்க’ என்பதை விட்டு இறங்கியதும் இல்லை. “உன் காலையும் பாரு, என் காலையும் பாரு. எது வீங்கிக்கினு கீதுன்னு உன் வாயால சொல்லு.”

தணிகைவேல் சுவரைப் பார்த்தான். பென்னிக்கு வேறு வழியில்லாமல் பார்க்க வேண்டியதாயிற்று. அவனுடைய கணுக்கால் பழையபடி எலும்பு தெரிய மெலிந்து கிடந்தது. பக்கத்தில் அவள் கால்கள் கணுவே இல்லாமல் மினுமினுவென்று உப்பியிருந்தன. ஷூவின் விளிம்பு பதிந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. பென்னி கட்டைவிரலால் அவள் காலை அழுத்திப் பார்த்தான். விரலை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. நிரம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். நிரம்பவில்லை.

“புள்ளத்தாச்சின்னா காலு வீங்கத்தான் செய்யும்” என்றாள் கிரேஸ். “எங்களுக்கெல்லாம் வீங்கலையா?”

“வீங்கியிருக்கும் அத்தை. அப்போ உங்களுக்கு யாராச்சும் தலகாணி வச்சாங்களா?”

“யாரு வச்சா? நாதியில்லாமதான் கெடந்தேன்.” வாய் தவறி வந்துவிட்ட சொல் மாதிரி இருந்தது அது.

“அந்தக் கோவத்த அன்னிக்கு வைக்காதவங்க மேல காட்டணும். என் மேல காட்டறீங்க.”

கிரேஸ் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். பாத்திரம் ஒன்று சத்தமாக விழுந்தது.

பென்னி தன் காலை மெல்ல இழுத்துக் கீழே வைத்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. “அதுக்கில்ல ஏஞ்சலு… லீவு தீந்துடுச்சுன்னா, புள்ளைக்கு…”

“புள்ள பொறக்கறதுக்கு மொதல்ல நான் உசுரோட இருக்கணும். வலிப்பு வரும்னு சொல்றாங்க டாக்டரு. அதக் கேட்டியா நீ? உன் காலு பிசகுனா டாக்டரு சொன்னதுதான் சட்டம். ஒரு வாரம்னா ஒரு வாரம். என் காலு வீங்குனா மட்டும் ஊரே கூடி நாயம் பேசுவீங்களா? கொழந்த பொறந்தப்புறம் லீவு பத்தலன்னா, நீ லீவு போடு. உங்க அம்மா பாக்கட்டும். எங்க அம்மா வரட்டும். அப்போ பாத்துக்கலாம். நாளையிலேருந்து நான் நிக்க மாட்டேன்.”

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பென்னி பதிலுக்குக் கத்தியிருப்பான். தணிகைவேல் எழுந்து, வாசலில் செருப்பைத் தேடினான். “என் ஊட்டுக்காரியும் எளாவூர் கம்பெனிக்குத்தான் போய்க்கினு கீறா. ஏழாம் மாசம்” என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னான். “நான் வரேன் மச்சான்.”

அன்று ராத்திரி ஏஞ்சல் கட்டிலில் படுத்தாள். தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை. பென்னி கீழே படுத்தான். சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது.

காலையில் அவன் பைக்கை வெளியே தள்ளினான்.

“உனுக்குத்தான் காலு முடியாதே?” என்றாள்.

“பரவால்ல, ஏறு” என்றான், முகத்தைப் பார்க்காமல்.

கம்பெனி வாசலில் அவனை நிற்க வைத்துவிட்டு, ஏஞ்சல் ரப்பர் செருப்போடு உள்ளே போனாள். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ரகு டாக்டரின் சீட்டைப் புரட்டினார். ஏதோ விஷயமாக அங்கே வந்திருந்த ஹெலன், “பாத்தீங்களா சார், நான் சொல்லல?” என்றாள்.

“இவ்ளோ சீக்கிரமாவாம்மா?” என்று ரகு இழுத்தார். “முன்னாடி எடுத்தா பின்னாடி குறையும். நல்லா யோசிச்சியா? ஊட்டுக்காரர் வெளிய நிக்கறார் போல. கூப்பிடேன், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். ஊட்ல கேட்டியா, இல்லையா?”

“கேக்கல சார், சொல்லிட்டேன்” என்றாள் ஏஞ்சல். பிறகு ஹெலனையும் பார்த்து நிதானமாகச் சொன்னாள். “நிக்கறது என் காலு. ஏறுறது என் பிரஷரு. சொமக்கறது என் வயிறு. எப்போ வேலைய நிறுத்தணும்னு என் ஒடம்பும் டாக்டரும் சொன்னா போதும். புருஷனோ மாமியாரோ லைன் லீடரோ முடிவு பண்ற விஷயம் இல்ல சார் இது. நாங்க நின்னோமேன்னு சொல்லிச் சொல்லியே அடுத்தவள நிக்க வச்சா, கடைசியில ஒருத்தி விழுந்துதான் ஆவணும். அவளுக்கு அப்புறம் லீவு குடுத்து யாருக்கு இன்னா லாபம்?”